கரும்பொடியும் வெண்பொடியும்

பேரியம் டைட்டனேட்டின் தூள் வெண்மையானது. அரிசி மாவென்றே கண் மயங்கும். கோபால்ட் ஃபெரைட்டின் தூளோ அடுப்புக்கரி போலக் கறுத்திருக்கும். இவ்விரண்டையும் கல்வத்திலிட்டு மணிக்கணக்கில் அரைத்து, சிறிது பசை சேர்த்து, அச்சில் அழுத்திச் சட்டைப் பொத்தான் அளவு வில்லையாக்கி, 1200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சுட்டெடுத்தால் கறுத்த பீங்கான் சில்லொன்று கிடைக்கும். அதன் இரு முகங்களிலும் வெள்ளிப் பசை பூசி, வலிய மின்புலத்தால் முனைவாக்கிய பின், காந்தப்புலத்தை மாற்றிப் பாருங்கள். முகங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றும்.

வெண்பொடியின் படிகத்தில், 120 பாகைக்குக் கீழே, நடுவில் இருக்கவேண்டிய டைட்டானியம் அயனி சற்றே ஒதுங்கி நிற்கிறது. அவ்வொதுக்கமே நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்களைப் பிரித்து, புறத்தூண்டல் இன்றியே மின்முனைவைத் தருகிறது. அழுத்தினால் அதில் மின்னூட்டம் பிறக்கும். கரும்பொடி காந்தப்பொருள், காந்தப்புலத்தில் அதன் நீளம் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சுருங்கும்.

மின்முனைவும் காந்தமும் ஒரே படிகத்தில் குடியிருப்பது ஏன் அரிது? 2000-இல் நிக்கோலா ஹில் என்னும் இயற்பியலாளர் இதற்கு விடை தந்தார். டைட்டானியம் ஒதுங்குவதற்கு அதன் டி-ஆர்பிட்டால்கள் என்னும் எலக்ட்ரான் இருப்பிடங்கள் காலியாய் இருப்பது துணைநிற்கிறது. காந்தத்துக்கோ அதே இடத்தில் இணைசேரா எலக்ட்ரான்கள் வேண்டும். வீடு காலியாகவும் இருக்கவேண்டும், ஆளும் குடியிருக்கவேண்டும் என்றால் எப்படி? பிஸ்மத் ஃபெரைட் ஒரு விலக்கு. அங்கே ஒதுங்கும் வேலையைப் பிஸ்மத்தும், காந்த வேலையை இரும்பும் பார்க்கின்றன. ஆயினும் அடுத்தடுத்த இரும்பு அயனிகளின் காந்தங்கள் எதிரெதிர் நோக்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மிஞ்சுவது சொற்பமே.

கலப்புப் பீங்கானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1972-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் வான் சுக்தலன் வகுத்த கருத்து இது: காந்தப்புலம் கருந்துகளைச் சுருக்கும், அது தன்னோடு ஒட்டிய வெண்துகளை இழுக்கும், அவ்விழுப்பு மின்னழுத்தமாகும். காந்தத்திடமிருந்து மின்சாரத்துக்கு விசையே தூது செல்கிறது. துகள்கள் இறுகப் பொருந்தாமல் நுண்துளையோ விரிசலோ இருந்தாலும், சூளையில் இரண்டும் வினைபுரிந்து வேண்டாத மூன்றாம் பொருள் விளைந்தாலும், தூது பாதி வழியில் நின்றுவிடும்.

காந்தப் பண்பில் கணக்கு எளிது. தூய கோபால்ட் ஃபெரைட்டின் தெவிட்டிய காந்தமாக்கம் கிராமுக்கு ஏறத்தாழ 80 ஈ.எம்.யூ.; கலவையில் அது 30 விழுக்காடு எனில், 24-ஐ ஒட்டி நிற்கும். வெண்துகளால் கூடுதலும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை.

மின்காப்புப் பண்புதான் ஏமாற்றும். ஃபெரைட்டில் இரும்பின் ஈரிணை, மூவிணை அயனிகளுக்கிடையே எலக்ட்ரான்கள் தாவுவதால் அது ஓரளவு மின்கடத்தி. தாவிவந்த மின்னூட்டம் காப்புத் துகளின் எல்லையில் முட்டிக் குவிகிறது. மாக்ஸ்வெல், வாக்னர் பெயரால் வழங்கும் இந்த எல்லை முனைவாக்கம், தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்காப்பு மாறிலியை ஊதிப் பெருக்கிக் காட்டும். அதிர்வெண் ஏற ஏறக் குவிய நேரமின்றி எண் சரிந்துவிடும். ஃபெரைட் துகள்கள் ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை சங்கிலியாய்க் கோத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்: மின்னோட்டம் கசியும், வில்லையைச் சரிவர முனைவாக்கவும் இயலாது. பொடியாகக் கலவாமல் தகடு தகடாக அடுக்கும் முறை இக்கசிவைத் தடுத்தது. 2001-இல் டெர்ஃபெனால்-டி என்னும் காந்தப்பொருளின் தகடுகளுக்கிடையே, அழுத்தினால் மின்னூட்டம் தரும் பி.இசட்.டி. பீங்கானை ஒட்டிச் செய்த அடுக்கு, சென்டிமீட்டருக்கு, காந்தப்புலத்தின் ஓர் ஓர்ஸ்டெட்டுக்கு 4.68 வோல்ட் தந்தது; 1970-களின் கலப்புப் பீங்கான் தந்தது 0.13 வோல்ட்.

இனி ஆய்வேடு ஒன்றில் மின்காப்பு மாறிலி பல்லாயிரம் என்று கண்டால், எந்த அதிர்வெண்ணில் அளந்தார்கள், மின்காப்பு இழப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வியந்துகொள்ளுங்கள்.