பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைச் சீர்படுத்துவது

ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஏறத்தாழ முழுக்கத் திருகாணிகளால் பூட்டப்பட்ட கருவி. அதன் கழுத்து உடலோடு ஒட்டப்படுவதில்லை. நான்கு திருகாணிகள்தான் பிடித்து நிற்கின்றன. தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப், வால்யூம், டோன் குமிழ்கள், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. தகட்டைக் கழற்றினால் மொத்த மின்வேலையும் கைக்கு வந்துவிடும். 1954-இல் இந்தக் கிட்டாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். எந்தப் பாகம் கெட்டாலும் கழற்றி வேறு மாட்ட முடிய வேண்டும் என்கிற மெக்கானிக் புத்தி அந்த வடிவமைப்பு முழுக்கத் தெரிகிறது. அதே வடிவத்தில் இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் தயாராகி, இரண்டு மூன்று கை மாறி வரும் மலிவான கிட்டாரையும் வீட்டு மேசையில் வைத்தே சரிசெய்துவிட முடிவது அதனால்தான்.

வேலை கடினமானதல்ல, ஆனால் வரிசை தப்பக் கூடாது. கழுத்தின் வளைவை மாற்றினால் தந்தியின் உயரம் மாறும். உயரத்தை மாற்றினால் சுருதி மாறும். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்தவர், செய்ததையே திரும்பச் செய்ய நேரும்.

வாங்கும்போதே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணருகே தூக்கி, கழுத்தின் ஓரத்தை நீளவாக்கில் பார்த்தால் அது நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். லேசான வளைவுக்கு மருந்து உண்டு. முறுக்கலுக்கு வீட்டு மருந்து கிடையாது. அப்படிப்பட்ட கிட்டாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவது நல்லது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடின் முனை தேய்ந்து வழுக்குகிறதா என்பதையும் ஆலன் கீ போட்டுப் பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்த தந்தி, கரகரக்கும் குமிழ், ஆடும் ஜாக் (கேபிள் செருகும் துளை) ஆகியவை பொருட்படுத்த வேண்டிய குறைகளே அல்ல. விலையைக் குறைத்துக் கேட்க அவை உதவும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மின்பகுதியைச் சோதிக்கலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடற்பகுதியிலும் மல்டிமீட்டரை வைத்து, வால்யூமை முழுக்கத் திறந்து மின்தடையை அளந்தால் உள்ளே நடப்பது வெளியிலேயே தெரிந்துவிடும். ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்கப் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இடை நிலைகளில் அது ஏறத்தாழப் பாதியாகும். ஏதாவது ஒரு நிலையில் 250 கிலோ ஓம் அளவில் காட்டினால், மீட்டர் அளப்பது பிக்கப்பை அல்ல, வால்யூம் குமிழை மட்டும்தான். பிக்கப்பின் சுருளோ அதற்குப் போகும் ஒயரோ அறுந்திருக்கிறது என்று பொருள். பிக்கப்பில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட எண்ணாயிரம் சுற்று. அது உள்ளே அறுந்தால் பிக்கப்பையே மாற்றிவிடுவது மேல்.

இந்த இடை நிலைகளுக்கு ஒரு கதை உண்டு. முதலில் வந்த ஸ்ட்ராட்டில் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது. அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்தால் தனியாக ஒரு குரல் வருவதை வாசிப்பவர்களே கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலை ஸ்விட்சைக் கம்பெனி பொருத்தியது 1977-இல்தான்.

குமிழைத் திருப்பும்போது வரும் கரகர ஓசைக்குக் காரணம் உள்ளே படிந்த தூசும் ஆக்சைடும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உலோகக் கூட்டில் உள்ள சிறு துளை வழியே அடித்து, இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் நின்றுவிடும். சத்தம் விட்டுவிட்டு வருகிறதென்றால் முதல் சந்தேகம் ஜாக்கின் மேல் விழ வேண்டும். அதன் வளைந்த தகடு தளர்ந்திருந்தால் விரலால் லேசாக உட்புறம் அழுத்திவிட்டாலே போதும். வெளியே நட்டு தளர்ந்திருந்தால், ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டுதான் முடுக்க வேண்டும். பிடிக்காமல் முடுக்கினால் ஜாக்கும் கூடவே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். பழைய கிட்டார்களில் காணப்படும் அறுந்த ஒயர்களில் பல இப்படி அறுந்தவைதான்.

பற்றவைக்க 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். குமிழின் முதுகில் பற்றவைப்பது மட்டும் சற்றுச் சிரமம். அந்த உலோகக் கூடு சூட்டை இழுத்துக்கொள்வதால் ஈயம் உருண்டையாக உட்கார்ந்து, ஒட்டியதுபோல் காட்டும், தொட்டால் விழுந்துவிடும். அந்த இடத்தை முதலில் உப்புத்தாளால் உரசிவிட்டால் ஈயம் பிடிக்கும்.

ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுக்கத்தான் செய்யும். அது பழுதல்ல. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. தந்தியைத் தொட்டால் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், தந்திகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. முதுகுப்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் இரும்புத் தகட்டில் அந்த ஒயர் பற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தந்தியைத் தொட்டால் ஷாக் அடித்தால் கதையே வேறு. கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனை உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் அந்தக் கிட்டாரைத் தொடக் கூடாது. வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வீட்டில் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

தந்திகளைக் கழற்றிவிட்டால் விரற்பலகையைச் சுத்தம் செய்யலாம். பலகை மேப்பிள் மரமாக இருந்தால் அதன் மேல் வார்னிஷ் இருக்கும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். கருமையான ரோஸ்வுட்டாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை கிட்டார் கடைகளில் கிடைக்கும் எண்ணெயைத் தடவித் துடைத்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம்தான் இந்திய ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதான பிறகு உலகக் கிட்டார் தொழில் பெரிதும் அதை நம்பி இருக்கிறது. வீட்டில் இருக்கிறதே என்று சமையல் எண்ணெயைத் தடவக் கூடாது. நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். மங்கிய ஃப்ரெட்டுகளை (பலகையின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளை) மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். ஆனால் அதற்குமுன் மரத்தின் மேலும், முக்கியமாகப் பிக்கப்புகளின் மேலும், டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

தோள்வார் மாட்டும் குமிழ் போன்றவற்றின் திருகாணி பிடிப்பில்லாமல் சுற்றினால், பல்குத்தும் குச்சிகள் இரண்டை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, நுனியை வெட்டிவிட்டு, காய்ந்தபின் முடுக்கலாம். தற்காலிகப் பூச்சுவேலைபோல் தோன்றும். ஆனால் தொழில்முறைக் கைவினைஞர்களும் செய்வது ஏறத்தாழ இதையேதான்.

பிறகு புதுத் தந்தி. எந்தத் தடிமனில் இனி வாசிக்கப் போகிறோமோ அதையே இப்போது போட வேண்டும். 0.009 அங்குலத்தில் தொடங்கி 0.042 அங்குலத்தில் முடியும் செட்டில் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 39 கிலோ எடைக்குச் சமம். தடித்த செட்டானால் இன்னும் கூடும். அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்திப் பிடிப்பதுதான் டிரஸ் ராடின் வேலை. ஆகவே முழுச் சுருதியில் வைத்துவிட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும். ஆடும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு தந்தியை ஏற்றினால் மற்றவை இறங்கும்; பொறுமையாக நாலைந்து சுற்று வர வேண்டியிருக்கும். பிரிட்ஜை அசைக்கும் ஆட்டுகோலைத் தொடவே போவதில்லை என்பவர்கள் பின்பக்கத் திருகாணிகளை முடுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவைத்துவிடுவது உத்தமம். எரிக் கிளாப்டன் தம் கிட்டாரில் மரத்துண்டு வைத்தே அதை அடைத்துவிட்டார்.

கழுத்தை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் அதே தகட்டுக் கட்டுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கிடுக்கியாலும், கழுத்து உடலோடு சேரும் கடைசி ஃப்ரெட்டில் விரலாலும் அழுத்திக்கொண்டால் தந்தியே அடிக்கோலாகிவிடும். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் 0.25 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிர்கிற தந்தி நடுவில்தான் அதிகம் விரிந்து ஆடும் என்பதால் இந்தச் சிறு குழிவு தேவைப்படுகிறது. இடைவெளி அதிகமானால் டிரஸ் ராடை வலப்பக்கமும், இல்லவே இல்லையென்றால் இடப்பக்கமும் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிய பின் மறுபடி சுருதி கூட்டி, சற்று நேரம் விட்டு அளக்க வேண்டும். மரம் தன் நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அமெரிக்கக் கிட்டார்களில் அங்குல அளவும், ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவும் இருப்பதால், 'ஏறக்குறையப் பொருந்தும்' ஆலன் கீயைப் போட்டு நெம்பினால் அறுகோண ஓட்டை வட்டமாகிவிடும். டிரஸ் ராடு இறுகி அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பலத்தைக் காட்டும் இடமல்ல அது.

அடுத்தது உயரம். பதினேழாவது ஃப்ரெட்டின் மேல் தந்தி 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது பொதுவான அளவு. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு சேடில் இருக்கிறது. அதன் இரண்டு நுண்ணிய திருகாணிகளை ஏற்றி இறக்கி இதை அமைக்கலாம். இன்னும் இறக்கினால் விரலுக்குச் சுகம்தான், ஆனால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். இரைச்சல் எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் வந்தால் கழுத்தில் குழிவு போதவில்லை. மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் வந்தால் உயரம் போதவில்லை. ஒரே ஒரு சுரத்தில் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. எங்கும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் வந்தால், தலைப்பக்கம் தந்திகள் படிந்துபோகும் நட் என்ற துண்டின் வெட்டு ஆழமாகிவிட்டது.

இந்தக் கடைசிக் குறைக்குச் சமையலறையில் ஒரு வைத்தியம் இருக்கிறது. வெட்டில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவை நிரப்பி, சூப்பர் குளூ ஒரு துளி விட்டால் நொடியில் கல்லாக இறுகிவிடும். லேசாகப் புகையும், முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மெல்லிய அரத்தால் புதிதாக வெட்டு எடுக்கலாம். இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் தந்தியை அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கனம் இடைவெளி தெரிந்தால் ஆழம் சரி. சுருதி கூட்டும்போது 'டிங்' என்று தந்தி குதித்தால் வெட்டில் சிக்குகிறது. பென்சில் முனையைத் தேய்த்து அந்தக் கரித்தூளை விட்டால் வழுக்கி ஓடும்.

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் பதிந்திருக்கின்றன. சுருதி விலகினால் கைதேர்ந்தவர் மேளம் கட்டி ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி உட்கார்த்துவார். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அடித்து இறக்கப்பட்டது, நகராது. எனவே தந்தியின் நீளத்தைத்தான் நகர்த்த வேண்டும். ஸ்ட்ராட்டில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கணக்கில் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியான 324-இல் நிற்கிறது. ஆனால் தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்டத் தந்தியைக் கொஞ்சம் நீட்டி வைக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர்மேலே தந்தியை வெறுமனே தொட்டு மீட்டிய ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டிய ஒலியையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைக் கழுத்தைவிட்டுத் தள்ளியும், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கியும் நகர்த்த வேண்டும். சரியாக அமைந்த பிரிட்ஜில் ஆறு சேடில்களும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. சுற்றுக்கம்பி இல்லாத மூன்றும் மெல்லியதிலிருந்து படிப்படியாகப் பின்வாங்கும். நான்காவது தந்தி சட்டென்று முன்னே வந்து, அங்கிருந்து மறுபடி பின்வாங்கும். பழந்தந்தியில் இந்த வேலையைச் செய்வது வீண். வியர்வையும் துருவும் ஏறிய தந்தி நீளம் முழுக்க ஒரே எடையில் இருக்காது.

கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப்பின் காந்தமுனைக்கும் தந்திக்கும் இடையே தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் இருக்கலாம். சத்தம் வேண்டுமென்று இன்னும் ஏற்றினால் காந்தம் தந்தியையே இழுத்துப்பிடிக்கும். தடித்த தந்தியில் ஒரு சுரம் இரண்டாகப் பிரிந்து தள்ளாடும், எவ்வளவு நகர்த்தினாலும் சேடில் சரிவராது. சேடிலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் பிக்கப்பை இறக்கிப் பார்ப்பது நல்லது.

தேய்ந்து குழி விழுந்த ஃப்ரெட்டுகளை மட்டப்படுத்துவதும் மாற்றுவதும் தனித் தொழில். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பவர்களுக்கும், எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆர். பிரசன்னா போலக் கர்நாடக இசைக்குரிய கமகம் கொண்டுவருபவர்களுக்கும் ஃப்ரெட் உயரம் மிக முக்கியம் என்பதால், அந்தச் செலவுக்கு அஞ்சக் கூடாது. அடித்து இறக்கிய ஃப்ரெட்டைப் பிடுங்குவதற்கு அதற்கென்று உள்ள கருவி வேண்டும். சாதாரணக் கொறடு போட்டால் மரம் பெயர்ந்து வரும். மற்றபடி, காற்றில் ஈரம் ஏறி இறங்கும் பருவமாற்றங்களில் கழுத்து சற்று அசையும். ஐப்பசி மழையின்போது ஒருமுறையும் வெயில் ஏறிய பின் ஒருமுறையும் எட்டாவது ஃப்ரெட்டின் இடைவெளியை அளந்து, தேவைப்பட்டால் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்குள் திருத்தினால் போதும்.