இங்கே கட்டி, அங்கே ஓட்டுவது

வீட்டுக்கு இன்டர்நெட் தரும் ரூட்டர், டெலிவிஷன் பக்கத்தில் வீற்றிருக்கும் செட்டாப் பாக்ஸ் முதலிய சிறு சாதனங்கள் பலவற்றுள் ஓசையின்றிக் காரியம் பார்ப்பது, 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ்தான். ஆனால், அவற்றில் ஓட வேண்டிய புரோகிராமை அவற்றிலேயே தயாரிக்க அவற்றுக்குச் சக்தி போதாது. 2012-ல் வெளிவந்த முதல் ராஸ்பெரி பை என்னும் சிறு கம்ப்யூட்டர் பலகையின் நினைவகம் 256 மெகாபைட். வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். அதிலேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கம்பைல் செய்யப் புகுந்தால் பல மணி நேரம் பிடிக்கும். ஆதலால், மேஜைமேலுள்ள வலிய கம்ப்யூட்டரில் புரோகிராமைக் கட்டி முடித்து, ஓடத் தயாரான பைலை மட்டும் பலகைக்கு அனுப்பும் கிராஸ் கம்பைலேஷன் என்னும் உபாயம் கையாளப்படுகிறது.

மேஜைக் கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் வகைப் பிராசஸர். பலகையில் இருப்பதோ ஆர்ம். ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்கு விளங்கா. லினக்ஸில் ஓடும்படி கம்பைல் செய்த ஒவ்வொரு பைலின் தலைப்பிலும், அது எந்தப் பிராசஸருக்கு உரியது என்பதற்கு ஓர் எண் உண்டு: 64 பிட் இன்டெல் வகைக்கு 62, 32 பிட் ஆர்முக்கு 40. எண் பொருந்தாவிட்டால் கெர்னல் அதை வாசலிலேயே திருப்பிவிடும்.

கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சி லைப்ரரி ஆகியவை சேர்ந்த டூல்செயினை டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். அதில் கஷ்டமொன்றும் இல்லை. கஷ்டமெல்லாம் பலகையிலுள்ள லைப்ரரிகளை அறிந்து நடப்பதிலேயே இருக்கிறது. நேரில் வர இயலாதவருக்குத் துணி தைக்கும் தையற்காரர் அளவுச் சட்டை கேட்பதைப்போல, கம்பைலரும் பலகையின் ஹெடர் பைல்களையும் லைப்ரரிகளையும் பிரதியெடுத்து வைத்த சிஸ்ரூட் என்னும் டைரக்டரியைக் கேட்கிறது. அதைக் காட்டாமல், மேஜைப் பக்கத்துப் புதிய சி லைப்ரரியோடு இணைத்த புரோகிராம், பழைய லைப்ரரியுள்ள பலகையில் பெரும்பாலும் தொடங்கவே மறுக்கும்.

பைலின் தலைப்பிலுள்ள எண் பொருந்திவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. முதல் ராஸ்பெரி பையின் பிராசஸர் ஆர்மின் ஆறாம் பதிப்பைச் சேர்ந்தது; 32 பிட் ஆர்முக்கான டெபியனின் ஆர்ம்-எச்எஃப் கம்பைலரோ ஏழாம் பதிப்பை உத்தேசித்துக் கட்டுவது. அதில் பிறந்த பைல் 40 என்னும் எண்ணைக் காட்டி உள்ளே நுழைந்துவிடும். பிறகு, பிராசஸர் அறியாத கட்டளை எதிர்ப்பட்டவுடன், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற அறிவிப்போடு மாண்டுபோகும். ஆறாம் பதிப்புக்கே கட்டுமாறு கம்பைலருக்குக் கட்டளையிட்டாலும், கூட இணையும் லைப்ரரித் துண்டுகள் ஏழாம் பதிப்பாகவே இருப்பதால், வியாதி தீர்வதில்லை.

பில்ட்ரூட், யோக்டோ என்னும் சாதனங்கள் டூல்செயின் முதல் லைப்ரரி வரை யாவற்றையும் ஒரே இடத்தில் கட்டித் தந்து இச்சங்கடங்களைப் பெருமளவு நிவர்த்தி செய்கின்றன. எனினும், பலகை எத்தகையது என்பதை அவற்றுக்கும் நாமே சொல்லியாக வேண்டும். ஆகவே, புதிதாக இத்துறையில் இறங்குபவர், வணக்கம் சொல்லும் ஐந்து வரிப் புரோகிராம் ஒன்றை முதலில் கட்டி, ‘ரீட்எல்ஃப்’ கட்டளையால் அதன் தலைப்பைப் பார்த்து, பலகையில் ஓட்டிச் சரியென்று கண்ட பிறகே பெரிய வேலையைத் தொடங்குவது உத்தமம்.