ஏரிகளும் ஆலைகளும் – ஒரு பொறியியல் பார்வை

தோற்றுவாய்

இறைவன் மனிதகுலத்துக்கு வழங்கிய அருட்கொடைகளுள் நீர் தலையாயது. உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்தே படைக்கப்பட்டது என்பது திருமறை உணர்த்தும் உண்மை. அந்நீரை அளந்து, அதன் போக்கை அறிந்து, ஊருக்குத் தீங்கின்றி நடத்திச் செல்வது சிவில் பொறியியலின் ஒரு பெரும்பகுதி. பயன்படுத்திய நீரை மாசு நீக்கி மீண்டும் இயற்கையிடம் ஒப்படைப்பது சுற்றுச்சூழல் பொறியியலின் பணி. இவ்விரண்டின் அடிப்படைக் கருத்துகளையும் சூத்திரங்களாக மனனம் செய்வதினும், நாம் அறிந்த ஒரு நிலப்பகுதியில் வைத்துக் காண்பது நலம். ஆதலின், நம் மாணவர் பலர் வேலை நாடிச் செல்லும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தையே பாடமாகக் கொண்டு, சில எளிய கணக்குகளின் வழியே ஆராய்வோம்.

ஏரித் தொடர்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைப்பது வழக்கம். வற்றாத ஆறுகள் இல்லாத இந்நிலத்தில், நம் முன்னோர் தாழ்ந்த இடந்தோறும் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரிக்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகின்றது. அதன் உபரிநீர் அடையாற்றில் கலந்து சென்னையின் ஊடே கடலைச் சேர்கின்றது. மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் மிகுநீரும் அடையாற்றையே நாடுகின்றது. எனவே இவ்வட்டாரத்தில் பெய்யும் ஒரு துளி மழைக்கும் சென்னைப் பட்டினத்துக்கும் உறவு உண்டு.

இத்தகைய நிலத்தில்தான் 1990களின் பிற்பகுதி தொடங்கி ஆலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிஸான் ஆலை 2010இல் திறக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இவை வாழ்வளித்தன என்பதை நாம் நன்றியுடன் ஏற்கின்றோம். ஆயினும், வயல் இருந்த இடத்தில் கூரையும் சிமெண்டுத் தளமும் வந்தால் மழைநீருக்கு என்ன நேரும் என்பதே பொறியாளன் கேட்க வேண்டிய முதல் வினா.

வழிந்தோடும் நீரின் கணக்கு

பெய்த மழையில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கும், ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி தேங்கி நிற்கும், எஞ்சியது வழிந்தோடும். வந்த நீர், சென்ற நீருக்கும் தங்கிய நீருக்கும் சமம் என்னும் இச்சமன்பாடே நீரியலின் அடித்தளம்.

வழிந்தோடும் நீரின் உச்ச அளவைக் கணிக்க ஓர் எளிய முறை உண்டு. அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் மல்வேனி 1851இல் எடுத்துரைத்த கருத்து அதன் மூலமாகும். மழையின் தீவிரம், நிலத்தின் பரப்பு, வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். மழையை மணிக்கு மில்லிமீட்டரிலும் பரப்பை ஹெக்டேரிலும் கொண்டால், பெருக்குத்தொகையை 360ஆல் வகுக்க, வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என விடை கிடைக்கும். சிறு நிலப்பரப்புகளுக்கே இம்முறை பொருந்தும்.

முதற் கணக்கு: 100 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்கின்றது. அந்நிலம் வயலாக இருக்கையில் வழிந்தோடும் விகிதம் 0.3, ஆலை வளாகமான பின் 0.8. நீர்ப்பெருக்கு எவ்வளவு மாறும்?

விடை: வயலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 4.2 கனமீட்டர்; ஆலை வளாகத்திலிருந்து 11.1 கனமீட்டர். அதே வானம், அதே மழை. நீர்ப்பெருக்கோ இரண்டரை மடங்குக்கும் மேல்.

‘இதற்கென்ன, வடிகாலை அகலப்படுத்தினால் போதுமே’ என்று சிலர் விடையளிக்கக் கூடும். வளாகத்துக்குள் மட்டும் பார்த்தால் அவ்விடை சரி. மதிற்சுவருக்கு அப்பால் பார்த்தால் அது பிழை. அகன்ற வடிகால் நீரை அழிப்பதில்லை. அடுத்த ஊருக்கு விரைந்து அனுப்புகின்றது, அவ்வளவே. நம் வாசலைப் பெருக்கிக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் தள்ளுவதற்கு அது ஒப்பாகும்.

இரண்டாம் கணக்கு: மேற்கண்ட மழை ஒரு மணி நேரம் நீடித்தால், மிகுதியாக வழியும் நீரை வளாகத்துக்குள்ளேயே தேக்க எத்தனை பெரிய குளம் வேண்டும்?

விடை: விகிதங்களின் வேறுபாடு 0.5. ஆகவே மிகுநீர் 25,000 கனமீட்டர். குளத்தின் ஆழம் இரண்டரை மீட்டர் எனில், 1 ஹெக்டேர் பரப்பு போதும். நூறில் ஒரு பங்கு நிலத்தை நீருக்கு விட்டுவைத்தால், அண்டை ஊரார் பழைய நிலையிலேயே இருப்பர். நம் முன்னோரின் ஏரி செய்த பணியும் இதுவே.

வெள்ளமும் வறட்சியும்

எல்லா மழைக்கும் இக்கணக்கு ஈடுகொடுக்குமா எனில், இல்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. மண் முன்னரே நனைந்து ஊறியிருந்தமையால், வயலும் சிமெண்டுத் தளம்போல் நீரை வழியவிட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. அவ்வெள்ளத்துக்கு ஆலைகளே காரணம் என்று கூறுவது அறிவியலாகாது. எனினும், தேங்கும் இடங்கள் குறையக் குறைய வெள்ளத்தின் வேகம் கூடும் என்பதில் ஐயமில்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய ஏரி அது. வெள்ளமும் வறட்சியும் இரு வேறு நோய்கள் அல்ல. நீரைத் தங்கவிடாமையின் இரு முகங்கள் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துகின்றன.

பயன்படுத்திய நீர்

தொழில் பெருகினால் தொழிலாளர் குடியிருப்பும் பெருகும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பெற்றது. ஒரு சிற்றூரையே மிஞ்சும் தொகை இது. இத்தகைய குடியிருப்புகளின் கழிவுநீரைக் கணிப்பது எங்ஙனம்?

மூன்றாம் கணக்கு: 2,000 பேர் தங்கும் விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கப்படுகின்றது. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகின்றது. அக்கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் உயிர்வளி தேவை எனக் கொள்வோம்.

விடை: கழிவுநீர் 2,16,000 லிட்டர், தேவைப்படும் உயிர்வளி 54 கிலோ. ஒரு லிட்டர் ஏரிநீரில் கரைந்திருக்கும் உயிர்வளி ஏறத்தாழ 8 மில்லிகிராம். அவ்வாறாயின், ஒரே ஒரு நாளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் கலந்தால், 67.5 லட்சம் லிட்டர் நீரின் உயிர்வளி முழுவதையும் அது விழுங்கவல்லது. மீன்கள் செத்து மிதப்பதன் காரணம் இப்போது விளங்கும். சுத்திகரிப்பு நிலையத்தை இயக்காமல் ஒரு நாள் மின்செலவை மிச்சப்படுத்துவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நன்முயற்சிகளும் உண்டு. சென்னைக் கோயம்பேட்டில் நகரக் கழிவுநீரை நுண்வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல் ஆகிய முறைகளால் தூய்மையாக்கி, இத்தொழில் வட்டாரத்துக்குக் குழாய் வழியே அனுப்பும் நிலையம் 2019இல் தொடங்கப்பெற்றது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அந்த அளவுக்கு ஏரிநீர் மக்களின் குடிநீருக்கு மிச்சமாகின்றது.

முடிவுரை

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. ஒரு முத்து அளவு நீரில், அஃதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், அவர்கள் ஒளுச் செய்தார்கள் என்றும் அறிகின்றோம். நம் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆவுக்கு 300 பேர் ஆளுக்கு 5 லிட்டர் செலவிட்டால் 1,500 லிட்டர். 2 லிட்டராகச் சுருக்கினால் 600 லிட்டர். அந்த 600 லிட்டரையும் மணலும் சரளையும் இட்ட தொட்டியில் வடித்துத் தென்னைக்குப் பாய்ச்சலாம். இதுவும் சுற்றுச்சூழல் பொறியியலே. இதற்குப் பட்டம் தேவையில்லை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஏதேனும் ஓர் ஆலையில் பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ அமர்வீர்கள். வரைபடம் உங்கள் மேசைக்கு வரும். அதில் மதிற்சுவரோடு கோடுகள் முடிந்துவிடும். நீர் அங்கு முடிவதில்லை. ‘இந்நீர் இதன்பின் எங்கே போகும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கும் துணிவையும், விடை காணும் அறிவையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!