சிவப்பெல்லாம் பகையன்று

பருத்திச் செடியில் சிவப்பாகத் தென்படும் பூச்சி எதுவாயினும் அதனை அழித்துவிடுவது நம் உறுப்பினர் பலரின் வழக்கம். அண்மையில் பயிர்க்கடன் தணிக்கையின்பொருட்டு ஒரு வயலுக்குச் சென்றிருந்தோம். அங்குப் பெரியவர் ஒருவர் மண்ணெண்ணெய் கலந்த நீரில் தட்டிச் சேர்த்திருந்த பூச்சிகளை உற்று நோக்கினோம். இரு இனங்கள் கலந்து கிடந்தன. ஒன்று பயிரின் பகை. மற்றொன்று பகையைக் கொல்லும் நட்பு. இரண்டையும் அவர் "சிவப்புப் பூச்சி" என்றே அழைத்தார். பெயர் ஒன்றானதால் தண்டனையும் ஒன்றாயிற்று.

பகைப்பூச்சி, பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி. இதில் ஓர் இனத்துக்கு 1775-ல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் பப்ரீசியஸ், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக்கின் பெயரையே சூட்டினார். இது காயைத் துளைத்து விதையின் சாற்றை உறிஞ்சுகிறது. பஞ்சில் கறை படிகிறது. கறைபட்ட பஞ்சினால் விளைவித்தவருக்கு விலை குறைகிறது. நெய்பவருக்கு நூலின் தரம் கெடுகிறது.

நட்புப்பூச்சியோ ரெடுவிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 7,000 இனங்கள் கொண்ட அக்குடும்பத்தில் மிகப் பல, பிற பூச்சிகளைக் கொன்று உண்பவை. நம் வயல்களில் காணும் இரண்டிற்கும் பெயரிட்டவர் அதே பப்ரீசியஸ்தாம். 1787-ல் ஒன்றைக் "கரிய காலுடையது" என்னும் பொருளில் புஸ்கிபெஸ் என்றும், 1794-ல் மற்றொன்றை "விளிம்புடையது" என்னும் பொருளில் மார்ஜினேட்டஸ் என்றும் அழைத்தார். அவர் இவற்றை ரெடுவியஸ் பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்வந்தோர் உறுப்பமைப்பை ஆராய்ந்து ரைனோகோரிஸ் பேரினத்திற்கு மாற்றினர். ஆயினும் அவர் இட்ட இனப்பெயர் நிலைத்தது. உறுப்பினர் சங்கம் மாறினும் அவருடைய இயற்பெயர் மாறாதது போன்றதே இது. இவ்வாறு இடம் மாறியதற்கு அடையாளமாக, முதலில் பெயரிட்டவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விஞ்ஞான மரபு.

வயலில் நின்றே இரண்டையும் பிரித்தறியலாம். நட்புப்பூச்சியின் தலைக்குப் பின்னே குறுகிய கழுத்து உண்டு. குட்டையான வாயலகு கொக்கிபோல் வளைந்திருக்கும். பகைப்பூச்சியின் வாயலகு நீண்டு நேராக உடலின் அடியில் ஒட்டிக் கிடக்கும். வயிற்றில் வெண்பட்டைகள் தெரியும். வெடித்த காயில் கூட்டமாக மொய்க்கும். நட்பாயினும் கையால் பிடித்தலாகாது; அது குத்தினால் கடுமையாக வலிக்கும்.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி ஆய்வாளர்கள் இப்பூச்சிகளை வளர்த்து, பயிரழிக்கும் புழுக்களை இவை உண்ணும் திறத்தை ஆராய்ந்துள்ளனர். நாமோ இலவசமாக வந்த காவலனை மருந்தடித்துக் கொல்கிறோம்.

ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் இவ்விரு பூச்சிகளையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தல் வேண்டும். கடன் பெற வரும் உறுப்பினர் அவற்றைப் பார்த்துச் செல்லட்டும். செலவு சிறிது, காக்கப்படும் பஞ்சோ இரு சாராருக்கும் உரியது.