நாலடி நீளப் பெட்டி

என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். அந்த ரைபிளை நெய்வேலியிலிருந்து போட்டி நடக்கிற ஊருக்குக் கொண்டுபோய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். சொந்தக் கார் கிடையாது, பஸ்தான். ரைபிள் மூன்றரை அடி நீளம். எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்கிறவர் கண்ணுக்கு அது அசல் துப்பாக்கி. அதை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டம் கலைந்து ஓடும்.

பிள்ளைகளைப் புதிதாகப் பயிற்சியில் சேர்க்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, இதை எதுல வச்சு எடுத்துட்டுப் போறீங்க?” என்பதைத்தான். ஒருவர் கிரிக்கெட் பையில் போடலாமா என்கிறார். இன்னொருவர் வீட்டில் சும்மா கிடக்கும் கீபோர்டு உறை சரியாக இருக்கும் என்கிறார். யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். நான் இரண்டுமே வேண்டாம் என்பேன். ரைபிளுக்கென்றே செய்த, உள்ளே ஃபோம் வைத்த, பூட்டுள்ள கெட்டிப் பெட்டிதான் வேண்டும். அது கறுப்பாக, வெறுமையாக, மேலே துப்பாக்கிப் படமோ பெரிய எழுத்தோ இல்லாமல் இருந்தால் போதும். பக்கத்து சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா பயப்படக்கூடாது, திருடன் கண்ணும் அதன் மேல் விழக்கூடாது. அந்த அளவுக்குத்தான் மறைப்பு. கேட்க உரிமையுள்ள போலீஸ்காரரிடம் மறைக்கிற வேலையே கூடாது.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோகிறவர் அதற்கென்று அமைந்த உறையில், முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டு திரிவது பெருமையல்ல, விதிமீறல். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால், 2019-இல் வந்த திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. என் மகளுடையது அந்த வகை. ஆனாலும் வாங்கின பில், கிளப் அடையாள அட்டை, போட்டிக்குப் பதிவு செய்த தாள், மூன்றின் நகலும் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். பெட்டிக்குள் வைத்தால், காகிதத்தைக் காட்டுவதற்கே பெட்டியைத் திறக்க வேண்டியதாகிவிடும். பாயின்ட் டூ டூ ரைபிள் விஷயம் வேறு. அது தோட்டா போட்டுச் சுடுவது. அசல் உரிமம் கையில் இல்லாமல் அதை வாசல் தாண்டி எடுக்கக்கூடாது.

ஒருமுறை சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். புதுச்சேரி தாண்டி கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடி. அங்கே மது பாட்டிலுக்காகப் பையைத் தடவிப் பார்ப்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகின விஷயம். நாலடிப் பெட்டியைக் கண்டதும் காவலர் நின்றுவிட்டார்.

“என்னங்க இது, இவ்ளோ நீளமா?”

“சார், ஏர் ரைபிள். பாப்பா ஷூட்டிங் போட்டிக்குப் போயிட்டு வருது. பேப்பர் இருக்கு, பாருங்க. நீங்க சொன்னா கீழ எறக்கித் திறந்து காட்டறேன்.”

நானாகப் பெட்டியில் கை வைக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் இறக்கி, குழல் யார் பக்கமும் திரும்பாதபடி வைத்துத் திறந்தேன். குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆரஞ்சு நிறக் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அதுதான் கண்கண்ட சாட்சி. சர்வதேசப் போட்டி விதியிலேயே அந்தக் கயிறு கட்டாயம். காவலர் குனிந்து பார்த்தார். “நல்லா சுடும்மா” என்று என் மகளிடம் சொல்லிவிட்டு அனுப்பினார். கீபோர்டு உறைக்குள் இருந்து இதே ரைபிள் வெளியே வந்திருந்தால் பேச்சு அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. மறைத்துக் கொண்டுபோக ஏன் நினைத்தாய் என்ற கேள்விக்கு எந்தத் தகப்பனாலும் நல்ல பதில் சொல்ல முடியாது.

கிரிக்கெட் பை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், ரைபிளின் பின்பக்கம் திருகுகளோடு இருக்கும் டயாப்டர் என்கிற குறிபார்க்கும் பாகம். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. பை இடிபட்டு டயாப்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் குண்டு இடம் மாறும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவே, இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒத்திகைக் குண்டில்தான் தன் ரைபிளின் குறி மாறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். எங்களுக்கு அந்த அனுபவமெல்லாம் இல்லை. அதனால் டயாப்டரைக் கழற்றி, துணியில் சுற்றி, என் மகள் தன் கைப்பையிலேயே வைத்துக்கொள்வாள். பெட்டி பஸ்ஸின் டிக்கிக்குப் போகாது. எங்கள் காலடியில் படுத்தபடிதான் வரும்.

ரைபிளின் காற்று உருளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிறார்கள். ஒவ்வொரு உருளையின் மேலும் தேதி பொறித்திருக்கும். தயாரித்துப் பத்து ஆண்டு ஆனதைப் பயன்படுத்தக்கூடாது. சித்திரை வெயிலில் பூட்டின காருக்குள் அதை விட்டுப் போவது பெரிய ஆபத்து. விமானத்தில் போவதானால் உருளையைக் காலி செய்து, ரைபிள் என்று கவுன்ட்டரிலேயே சொல்லி, செக்-இன் சாமானோடுதான் அனுப்ப வேண்டும். அனுமதிக் காகிதங்கள் எல்லாம் வைத்திருந்தும் 2021 பிப்ரவரியில் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கரை டெல்லி விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்ட பிறகுதான் அவர் போபாலுக்கு விமானம் ஏற முடிந்தது. உலகமறிந்த வீராங்கனைக்கே அந்த நிலை. பெயர் தெரியாத பிள்ளைகளோடு போகும் நாம் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போய் நிற்பதில் தப்பில்லை.

இளவேனில் வாலறிவன் பிறந்தது எங்கள் கடலூரில். வளர்ந்தது அகமதாபாத்தில் என்றாலும், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வாங்கியவர் எங்கள் மாவட்டத்தில் பிறந்த பெண் என்பது நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளுக்குத் தனித் தெம்பு. எங்கள் வட்டத்தில் சுடப் பழகுவதைப் பற்றி இப்போது பேச்சு எழுகிறது என்றால் அதில் அவருக்குப் பங்குண்டு.

வீடு வந்து சேர்ந்ததும் பெட்டியை மூடியே போட்டுவைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபோம் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அதில் படுத்திருக்கும் இரும்பில் துரு ஏறும். ரைபிளை வெளியே எடுத்து, வியர்வை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஃபோமை மின்விசிறிக் காற்றில் உலர்த்துவோம். பிறகு பூட்டி அலமாரிக்குள் வைத்து, சாவியை நான் எடுத்துக்கொள்வேன். குண்டு டப்பா இருப்பது வேறு அலமாரியில். அதன் சாவி என் மனைவியிடம்.