மூடிய பின்னும் ஓடும் அவுட்லுக்

மேல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தியதும் அவுட்லுக் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் திறந்தால், தரவுக் கோப்பு சரியாக மூடப்படவில்லை, சோதிக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வருகிறது. பல ஆண்டு விலைப்பட்டியல்களையும் கடிதங்களையும் ஒரே ‘பிஎஸ்டி’ கோப்பில் வைத்திருக்கும் சிறு கடைகளும் சங்கங்களும் இதை அலட்சியப்படுத்தக்கூடாது.

திரையில் இல்லாவிட்டாலும் அவுட்லுக் பின்னணியில் இயங்கிக்கொண்டிருக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் தெரியும். அவசரப்பட்டு ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்க வேண்டாம். கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அது பழுதாகலாம். சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதும் அதே கதைதான். சில நிமிடங்கள் காத்திருந்தும் மூடாவிட்டால் மட்டுமே அந்தக் கடைசி வழி.

பல நேரங்களில் காரணம் அவுட்லுக் அல்ல. அதனுடன் ஒட்டிக்கொண்ட துணைநிரல்கள். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், கைப்பேசி நாள்காட்டியை இணைக்கும் மென்பொருள் போன்றவை, கேட்காமலே இவற்றைச் சேர்த்துவிடுவதுண்டு.

கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறந்தால், பாதுகாப்பு முறையில் தொடங்கவா என்று கேட்கும். அம்முறையில் ஒழுங்காக மூடினால், சந்தேகம் துணைநிரல் மீதுதான். ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ எனச் சென்று, கீழேயுள்ள ‘கோ’ பொத்தானை அழுத்தி, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கினால் குற்றவாளி எதுவென்று தெரியாது. புதிய அவுட்லுக்கிற்கு இவ்வழி பொருந்தாது. பழைய பதிப்புக்கே உரியது.

கோப்பு ஏற்கெனவே பழுதாகியிருந்தால், ஆஃபிஸுடன் வரும் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ கருவி கைகொடுக்கக்கூடும். அதை இயக்குமுன் அவுட்லுக்கை மூடி, கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.