பனிநாட்டின் நானிலம்

கனடா என்னும் பெயரைக் கேளாத தமிழில்லம் இன்று இலங்கையில் அரிது. மாணவருள் பலர்க்கு அஃது ஊதியத்தின் பெயர். பெற்றோருள் பலர்க்குப் பிரிவின் பெயர். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், மாத்தளைக்கு வடக்கே அமைந்த நாவுல என்னும் சிற்றூரில் இருந்துகொண்டு நான் கேட்பதும் இவ்விரு பொருளிலேயே. அஃது ஒரு நிலத்தின் பெயர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். ஒரு நாட்டை அதன் பணத்தால் அறிவது, ஒரு நூலை அதன் விலையால் அறிவது போன்றதாகும். ஆதலின் அந்நாட்டின் நிலத்தையும் மக்களையும் தொழிலையும், தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பழகிய வழியொன்றினால் ஈண்டு நோக்க விழைகின்றேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1535ஆம் ஆண்டில் பிரெஞ்சு மாலுமியாகிய ஜாக் கார்த்தியே சென் லோறன்ஸ் ஆற்றின் வழியே உள்நாடு புகுந்தபோது, அவருடன் சென்ற இரோக்குவா இளைஞர் இருவர் தம் குடியிருப்பைக் குறித்துக் 'கனாதா' என்றனர். அச்சொல்லுக்கு 'ஊர்' என்பதே பொருள். ஓர் ஊரைச் சுட்டிய பொதுப்பெயர் பின்னர் ஒரு கண்டத்தின் பெரும்பகுதிக்குச் சிறப்புப் பெயராயிற்று.

அப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 99 இலட்சத்து 84 ஆயிரம் சதுர கிலோமீற்றர். உருசியா நீங்கலாக அதனிற் பெரிய நாடு உலகில் இல்லை. நம் இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். எனவே நூற்றைம்பது இலங்கைகளை அந்நாட்டினுள் அடக்கலாம். மக்கள் தொகையோ நான்கு கோடியைச் சிறிதே கடந்தது. இலங்கை மக்களின் இருமடங்குக்கும் குறைவு. அவர்களிலும் மூவரில் இருவர் ஐக்கிய அமெரிக்காவின் எல்லையிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் வாழ்கின்றனர். நாடு பரந்தது, வாழிடம் ஒடுங்கியது. இதற்குக் காரணம் நிலமும் பொழுதும் என்பதை அறிய, நமக்குத் தொல்காப்பியமே துணையாகும்.

முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளை வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதல்; அவற்றில் தோன்றும் உணவும் மரமும் விலங்கும் தொழிலும் கரு; அவற்றிடையே வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரி. இன்றைய புவியியலாசிரியர் ஒரு நாட்டை நிலம், பொருளாதாரம், மக்கள் எனப் பகுத்துக் கற்பிப்பதும் ஏறத்தாழ இம்முறையே. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு கனடாவுக்குச் செல்வோமாயின், நானிலமும் அங்கே வேறு கோலத்தில் நிற்பதைக் காண்கின்றோம்.

மலையும் கானும்

மேற்கே குறிஞ்சி. ரொக்கி மலைத்தொடர் அங்கே வானளாவி நிற்கின்றது. அம்மலையைத் துளைத்துக் கீழ்கடலையும் மேல்கடலையும் இணைத்த இருப்புப்பாதை 1885இல் நிறைவுற்றது. மேற்குப் பகுதியில் அதனை அமைக்கப் பல்லாயிரம் சீனத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். வெடிமருந்தாலும் பாறைச் சரிவாலும் நோயாலும் மாண்டோர் பலர். பாதை முடிந்த அதே ஆண்டில், சீனர் ஒவ்வொருவர் நுழைவுக்கும் ஐம்பது டொலர் தலைவரி விதிக்கப்பட்டது; 1903இல் அஃது ஐந்நூறு டொலராயிற்று. 1914இல் 'கொமகத்த மாரு' என்னும் கப்பலில் வன்கூவர் துறைமுகம் சேர்ந்த 376 இந்தியருள், மிகப் பெரும்பாலோர் கரையேற விடப்படாது திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் பஞ்சாபியர். மலையகத்து இருப்புப்பாதைகளின் வரலாற்றையும் தோட்டங்களின் வரலாற்றையும் அறிந்த நமக்கு, பாதை அமைத்தவன் பயணியாக ஏற்கப்படாத கதை புதிதன்று.

மலைக்குக் கிழக்கே, நாட்டின் நடுவே, மிக நீண்ட முல்லை. ஊசியிலை மரக்காடுகள் கீழ்கடல் வரை படர்ந்துள்ளன. உலகக் காடுகளில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு கனடாவில் உண்டு. அக்காட்டின் ஆறுகளில் வாழும் பீவர் என்னும் விலங்கின் மென்மயிரால் ஐரோப்பியர் தொப்பி செய்தனர். அத்தோலை நாடியே 1670இல் இலண்டனில் ஹட்சன் குடாக் கும்பனி அரச பட்டயம் பெற்றது. கறுவாவை நாடி ஒல்லாந்தர் கும்பனி நம் கரையோரத்தை ஆண்ட நூற்றாண்டு அது. அங்கே ஒரு விலங்கின் தோல், இங்கே ஒரு மரத்தின் பட்டை. இரண்டும் அந்நியர் ஆட்சிக்கு வாயிலாயின. பின்னர்த் தோலின் இடத்தை மரமும் தாளும் பெற்றன. இன்று அக்காடுகளை அச்சுறுத்துவது நெருப்பு. 2023ஆம் ஆண்டின் கோடையில் மட்டும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. அஃது இலங்கையின் பரப்பைவிடப் பெரிது.

வயலும் கடலும்

காட்டுக்குத் தெற்கே மருதம். அல்பேட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா என்னும் மூன்று மாகாணங்களிலும் புல்வெளியாயிருந்த சமநிலம் கோதுமை வயலாயிற்று. நம் மருதத்துக்குரிய குளமும் வாய்க்காலும் அங்கே பெரும்பாலும் இல்லை. வானம் பார்த்த பயிரே மிகுதி. 1930களில் மழை பொய்த்தபோது மேல்மண் புழுதியாய்ப் பறந்தது, ஊர்கள் வெறிச்சோடின.

இம்மருதத்துக்கும் நம் அடுக்களைக்கும் ஓர் உறவு உண்டு. நாம் மைசூர்ப் பருப்பு என வழங்கும் செம்பருப்பு மைசூரிலிருந்து வருவதன்று. நம் நாட்டுக்கு அதனை அனுப்பும் முதன்மையான நாடுகளுள் கனடாவும் ஒன்று. சஸ்காச்சுவான் அதன் விளைநிலம். 1970 அளவில் கோதுமை தேங்கி விலை வீழ்ந்தபோது, அம்மாகாணத்துப் பல்கலைக்கழக அறிஞர் அந்நிலத்துக்கேற்ற பருப்பு வகைகளை உருவாக்கினர். பருப்புச் செடியின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஈட்டித் தருவன. ஆதலின் தரிசாகக் கிடந்த நிலமும் பயன்பட்டது, மண்ணும் வளம்பெற்றது. ஒரு தலைமுறைக்குள் அந்நாடு உலகின் தலையாய பருப்பு ஏற்றுமதியாளராயிற்று. நாவுலவின் சிறுகடையில் நிறுத்துத் தரப்படும் பருப்பிலும் அவ்வட நிலத்தின் கோடை வெயில் உறைந்திருக்கின்றது.

கிழக்கே நெய்தல். நியூபவுண்லாந்துத் தீவை அடுத்த கடலில் கொட் மீன் செறிந்திருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியர் அதனை அள்ளினர். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பேரிழுவைக் கப்பல்கள் வந்தன, கடல் வறண்டது. 1992 யூலையில் அரசு கொட் மீன்பிடியைத் தடைசெய்ய, முப்பதினாயிரம் பேரளவில் தொழிலிழந்தனர். 2024இலேதான் அத்தடை சிறு அளவுடன் நீக்கப்பட்டது. கடல் பெரிது என்பதனால் அதன் செல்வம் அழியாதென்று கொள்ளல் பேதைமை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இழுவைப் படகுகளால் அல்லலுறும் நம் வடகடல் மீனவர்க்கு இப்பாடம் அயலதன்று.

அந்நெய்தல் நிலத்து மாந்தரை நாம் நன்றியுடன் நினைத்தற்கும் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின் பின் நாடு நீங்கிய தமிழருள் 155 பேர், 1986 ஓகஸ்ட் மாதத்தில் அக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்டு மூடுபனியில் அலைந்தனர். அவர்களைக் கண்டு மீட்டவர்கள் நியூபவுண்லாந்து மீனவர். அரசு அவர்களைத் தங்கி உழைக்க இசைந்தது. ஆயின் 2010இல் 'சன் சீ' என்னும் கப்பலில் மேற்குக் கரையை அடைந்த 492 தமிழர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். ஒரே நாட்டுக்கு இரு முகங்கள் உள. ஒன்றை மட்டும் கண்டு புகழ்வதும், மற்றொன்றை மட்டும் கண்டு இகழ்வதும் கல்வியாகா.

இவை நிலம் தந்த தொழில்கள். இன்று அந்நாட்டில் உழைப்போருள் நால்வரில் மூவர் பணித்துறைகளைச் சார்ந்தோர். அலுவலகமும் மருத்துவமனையும் கடையும் பள்ளியுமே அவர்தம் களம். எனினும் ஏற்றுமதியின் பெரும்பங்கு இன்னும் நிலத்திலிருந்து பிறப்பதே. அல்பேட்டாவின் எண்ணெய் மணல், சஸ்காச்சுவானின் பொட்டாசு உரம், காட்டு மரம், வயற்கோதுமை ஆகியன அவற்றுட் சில. நெடுங்காலமாக அவ்வேற்றுமதியில் முக்காற் பங்களவை வாங்கி வந்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. 2025இல் அவ்வயல்நாடு புதிய தீர்வைகளை விதித்தபோது, ஒரே வாடிக்கையாளனை நம்பிய கடைக்காரனின் கலக்கம் கனடாவைப் பற்றிக்கொண்டது. தேயிலையையும் ஆடையையும் சில சந்தைகளுக்கே விற்று வாழும் நாமும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

பனியும் பாலையும்

நானிலமும் கண்டோம், பாலை எங்கே? புலம்பெயர்ந்த எழுத்தாளர் சிலர் பனியையும் பனி சார்ந்த இடத்தையும் 'ஆறாந்திணை' என வழங்குவர். அவர்தம் ஆர்வத்தை நான் மதிக்கின்றேன். எனினும் ஆறாவது ஒன்று வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலைக் கூறிய தொல்காப்பியர், பின்பனியும் அதற்கு உரித்தென இசைந்தார். அவர் கண்ட பனி வேறு. வெண்பஞ்சுபோல் வீழ்ந்து ஆறு மாதம் மண்ணை மூடும் பனியை அவர் கண்டாரல்லர். ஆயினும் குளிரும் பிரிவும் உறவுடையன என்பதை அவர் உணர்ந்திருந்தார். பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது அது தோன்றும் எனச் சிலப்பதிகாரம் செப்புகின்றது. எரிந்த காடும், மீனற்ற கடலும், புழுதியாய்ப் பறந்த வயலும் அவ்வாறு திரிந்த நிலங்களே.

ஆனால் அந்நாட்டின் கொடிய பாலையைப் பருவம் விளைவிக்கவில்லை, பள்ளிக்கூடம் விளைவித்தது. ஆசிரியனாகிய நான் இதனை நாணத்துடன் எழுதுகின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை, முதற்குடிகளின் பிள்ளைகளுள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசிய நாவுக்குத் தண்டனை கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பால் மீளும் மொழி உண்டோ என்பதை இனிவரும் தலைமுறையே சொல்லவேண்டும்.

மீண்ட இடமும் உண்டு. வடதுருவத்தை அடுத்த நிலப்பகுதி 1999இல் 'நுனாவுட்' என்னும் தனி ஆட்சிப்புலமாயிற்று. இனுவிட் மக்களின் மொழியில் 'எங்கள் நிலம்' என்பதே அதன் பொருள். அம்மொழியின் சொற்கள் நம் தமிழ்ச்சொற்களைப் போல் விகுதிமேல் விகுதி பெற்று நீள்வன. எழுத்தோ இன்னும் வியப்பு: ஒரு மெய்க்கு ஒரு வடிவம், அவ்வடிவம் திரும்பி நிற்கும் திசையே அது ஏறிய உயிரைக் காட்டும். உயிர்மெய் கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கும் இது களிப்பூட்டும்.

மொழிப்பூசல் அந்நாட்டுக்கும் புதிதன்று. 1956இல் இங்கே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. 1969இல் அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் இணையான ஆட்சிமொழிகளாயின. தமிழ் இங்கே ஆட்சிமொழியாதற்கு 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. பிரெஞ்சு வழங்கும் கியூபெக் மாகாணம் 1995இல் பிரிவினை குறித்து வாக்களித்தபோது, பிரியவேண்டா என்றோர் நூற்றுக்கு ஐம்பதைச் சிறிதே தாண்டினர். அவ்வளவு நெருங்கிய வழக்கும் வாக்குச்சீட்டாலேயே முடிவுற்றது. அதனை எண்ணுந்தோறும் நம் நாட்டில் சிந்திய குருதி கண்முன் நிற்கின்றது.

பெயரிடும் கடமை

அந்நிலத்தில் இன்று தமிழும் குடியேறியிருக்கின்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அங்கே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2016இல் கனடிய நாடாளுமன்றம் தை மாதத்தோடு இயைந்த சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. ரொறன்ரோவில் இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது வழங்கிவருகின்றது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழிருக்கை அமைந்துள்ளது. மகிழத்தக்கன இவை. ஆனால் விழாவும் விருதும் மட்டும் ஒரு மொழியை வாழ்விக்கா. தான் வாழும் நிலத்துக்குப் பெயரிட வல்ல மொழியே அந்நிலத்தில் வேர்கொள்ளும். விழும்பனிக்கும் உறைபனிக்கும் மூடுபனிக்கும் பனிநீருக்கும் வெவ்வேறு சொல் சொல்லத் தெரிந்த குழந்தைக்குத் தமிழ் பாட்டியின் மொழியாக மட்டும் இராது. தன் முற்றத்தின் மொழியாகும்.

நாவுலவுக்கு அண்மையில் உள்ள நாலந்தையில் கெடிகே என்னும் கற்கோயில் ஒன்று உண்டு. திராவிடக் கட்டடப்பாணியில் எழுந்த பௌத்த வழிபாட்டிடம் அது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்காவண்ணம் அதனைக் கல் கல்லாகப் பெயர்த்து உயர்ந்த இடத்தில் மீண்டும் எழுப்பினர். பெயர்த்த கற்களைப் புதிய மண்ணில் அடித்தளமின்றி அடுக்க இயலாது. குடிபெயரும் மக்களுக்கும் அவர்தம் மொழிக்கும் நியதி இதுவே.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. கனடா செல்லவிருக்கும் மாணவனுக்கு அதன் நாணய மாற்று விகிதம் நம் உதவியின்றியே தெரியும். அதன் நானிலத்தையும், அங்கே முன்னரே வாழ்ந்தவர் யாவர் என்பதையும், அவர்தம் மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் சொல்லி அனுப்புவோம். ஈண்டே இருக்கப்போகும் மாணவனுக்கும் அதுவே பாடம். தன் ஊரின் மலைக்கும் ஓடைக்கும் மரத்துக்கும் பெயர் அறியாதவனுக்குச் சொந்த ஊரும் அயலூரே. 'கனாதா' என்பதற்குப் பொருள் ஊர் என்று கண்டோம். நிலத்தை அறிந்து, அதன் முதற்குடியை மதித்து, தன் சொல்லால் அதனை அழைக்கக் கற்றவனுக்கே அப்பெயர் மெய்ப்பொருள் தரும்.